எது அந்தக் கார்?

அப்பா காலமான பதினான்காம் மாதம், கோவையிலிருந்து ஒருவர் எங்கள் வீட்டுக் காரைப் பார்க்க வந்தார். பழைய கார்களைச் சேகரிப்பவர். மயிலாடுதுறை வீட்டின் பக்கவாட்டுத் தகரக் கொட்டகையில் நின்றிருந்த அம்பாசிடரை அரைமணி நேரம் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பானட்டைத் திறந்து பார்த்தார்; குனிந்து அடிப்பாகத்தில் டார்ச் அடித்தார்; கதவுகளை விரல் முட்டியால் தட்டி ஓசை கேட்டார். பிறகு கைகளைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "மார்க் டூன்னு சொன்னீங்க. எஞ்சின் டீசலாயிருக்கு. கியர் பாக்ஸ் வேற வண்டியோடது. முன்பக்கம் பூராப் பின்னால போட்டது. கிரில்லுகூட மார்க் த்ரீயோடதுங்க. இதுல அசல்னு என்னங்க இருக்கு?"

விலையைக் குறைப்பதற்கான பேச்சு அது என்பது எங்களுக்குத் தெரியாமல் இல்லை. ஆயினும் அன்றிரவு எங்கள் மூவருக்கும் சோறு இறங்கவில்லை. அப்பா 1973-இல் இரண்டாம் கையாக வாங்கிய வண்டி அது. எங்களில் மூத்தவரைத் தலைப்பிரசவத்துக்கு அழைத்து வந்ததும், இளையவரைக் கல்லூரி விடுதியில் கொண்டுபோய்ச் சேர்த்ததும், அம்மாவைக் கடைசி முறையாக மருத்துவமனைக்கு ஏற்றிச் சென்றதும் அந்த வண்டியில்தான். அந்த வண்டியில்தானா என்பதே இப்போது கேள்வியாகிவிட்டது.

மூத்தவர், பாகம் மாறினால் என்ன, அது அப்பாவின் கார்தான் என்றார். நடுவில் பிறந்தவர் பொறியாளர். எஞ்சினும் கியரும் முன்னுடலும் மாறிய ஒன்றைப் பழைய மாடல் என்று சொல்லி விற்பது பொய் என்றார் அவர். இளையவர் வழக்கறிஞர். சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, இதே கேள்வி முப்பது ஆண்டுகளுக்கு முன்பே லண்டன் உயர் நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது என்றார். அங்கே வழக்கில் நின்றது ஒரு பந்தயக் கார். அதன் விலை ஒரு கோடி பவுண்டு.

அடுத்த சில வாரங்கள் நாங்கள் அந்தக் காரின் பின்னால்தான் அலைந்தோம். வீட்டுக் காரின் விலையைப் பேச வேண்டிய தொலைபேசி அழைப்புகளில், பார்த்திராத நாட்டில் ஓடிய, பார்த்திராத ஒரு காரின் சட்டகத்தையும் எஞ்சினையும் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

*

பிரான்சின் லெ மான் நகரையொட்டிய பொதுச்சாலைகளில் 1923-ஆம் ஆண்டு தொடங்கியது 24 மணி நேரக் கார்ப் பந்தயம். அங்கே வேகம் மட்டும் போதாது. இரவு முழுதும் ஓடி, மறுநாள் மாலைவரை உடையாமல் நிற்க வேண்டும். 1929-இல் அதை வென்றது பென்ட்லி நிறுவனத்தின் 'ஸ்பீட் சிக்ஸ்' கார். ஆறு சிலிண்டர், 6,597 கன சென்டிமீட்டர் எஞ்சின். ஓட்டியவர்கள் உல்ஃப் பர்னாட்டோவும் டிம் பர்க்கினும். ஒரு நாளில் ஏறத்தாழ 2,840 கிலோமீட்டர் ஓடியது அது. அவ்வாண்டு முதல் நான்கு இடங்களும் பென்ட்லிக்கே கிடைத்தன. 1930-இல் அதே கார் மீண்டும் வந்தது. இம்முறை பர்னாட்டோவுடன் ஓட்டியவர் க்ளென் கிட்ஸ்டன். ஓடிய தொலைவு 2,930 கிலோமீட்டர். ஒரே கார் அடுத்தடுத்து இருமுறை லெ மானை வென்றது அதுவே முதல் தடவை.

1929-இல் அதன் மேல் எழுதப்பட்டிருந்த பந்தய எண் 1. அதிலிருந்தே 'ஓல்ட் நம்பர் ஒன்' என்ற பெயர் நிலைத்தது. 1930-இல் அது 4 என்ற எண்ணோடு ஓடியது. பெயர் மட்டும் மாறவில்லை. அதன் கதையில் மாறியவை, மாறாதவை என்ற பட்டியல் அங்கேயே தொடங்கிவிட்டது என்று எங்களுக்குத் தோன்றியது.

1931-இல் பென்ட்லி நிறுவனம் கடனில் மூழ்கி ரோல்ஸ் ராய்ஸ் வசம் போயிற்று. கார் பந்தயத்தை விடவில்லை. அவ்வாண்டு இங்கிலாந்தின் ப்ரூக்லண்ட்ஸ் களத்தில் 500 மைல் பந்தயத்தை வென்றது. ஓட்டியவர்கள் ஜாக் டன்ஃபியும் சிரில் பாலும். 1932-இல் அதே பந்தயத்துக்காக அதைத் திருத்தியமைத்தார்கள். சட்டகம் பென்ட்லியின் நான்கு லிட்டர் வகையுடையது. எஞ்சின் எட்டு லிட்டர் வகையுடையது. அந்தச் செப்டம்பரில் ஜாக்கின் சகோதரர் க்ளைவ் டன்ஃபி ஓட்டிக்கொண்டிருந்தபோது, கார் களத்தின் சரிந்துயர்ந்த வளைவின் விளிம்பைத் தாண்டி அப்பால் விழுந்தது. க்ளைவ் உயிரிழந்தார்.

நொறுங்கியதைக் கழித்துக்கட்டவில்லை. செப்பனிட்டு, மூடிய கூபே உடல் பொருத்திச் சாலைக் காராக்கினார்கள். பின்னர் அது கைமாறிக் கைமாறி வந்தது. பல பதிற்றாண்டுகளுக்குப் பின், பழைய பந்தயக் காலத்து வடிவில் திறந்த உடல் ஒன்று மீண்டும் அதற்குக் கட்டப்பட்டது. 1990-இல் அதன் உரிமையாளர் ஒரு நிறுவனத்துக்கு அதை ஒரு கோடி பவுண்டுக்கு விற்க ஒப்பந்தம் செய்தார். வாங்க வந்த நிறுவனம் பின்வாங்கியது. இது லெ மானை வென்ற கார் அன்று, அதன் பெயரைச் சூட்டிக்கொண்ட வேறொன்று என்பது அவர்களின் வாதம். எங்கள் கொட்டகையில் கோவைக்காரர் கேட்டதும் அதுதான்.

*

பழைய பந்தயக் காரின் பூர்வீகத்தைத் தேடுவோர் முதலில் எண்களைப் பார்க்கிறார்கள்: சேசிஸ் எண், எஞ்சின் எண், பதிவு எண். ஓல்ட் நம்பர் ஒன்னின் சேசிஸ் எண் எல்.பி. 2332, பதிவு எண் எம்.டி. 3464. அடுத்து தொழிற்சாலையின் பராமரிப்புப் பதிவேடுகள். அதற்கடுத்து பந்தய நாளின் புகைப்படங்கள். ஒரு ரிவிட்டின் இடத்தையும் ஒரு தாங்கியின் வளைவையும் உருப்பெருக்கிக் கண்ணாடியால் ஒப்பிட்டு நாள்களைக் கழிப்பவர்கள் இருக்கிறார்கள். இவ்வளவும் ஏன் தேவைப்படுகிறது என்றால், எண் ஒன்றை மட்டும் நம்ப இயலாது. எண் பொறித்த தகட்டைக் கழற்றி வேறு சட்டகத்தில் அறைந்துவிடலாம். ஒரு காரிலிருந்து கழித்த சட்டகத்தில் ஒருவரும், கழற்றிய எஞ்சினைச் சுற்றி இன்னொருவரும் ஆளுக்கொரு காரைக் கட்டி, இரண்டுமே தாமே அசல் என்று உரிமை கோரும் வழக்குகள் அந்த உலகில் உண்டு.

நீதிபதி ஓட்டன் அந்தக் காரைப் பாகம் பாகமாகப் பிரித்து எண்ணினார். 'ஹப்பர்ட் எதிர் மிடில்பிரிட்ஜ் சிமிட்டர்' என்ற அந்த வழக்கின் தீர்ப்பில் எங்களை வாயடைக்கச் செய்த பகுதி அதுதான். 1929-இல் வென்ற காரிலிருந்து, காலம் கணிக்க இயலாத சில சிறு பொருத்துகளைத் தவிர ஒன்றும் எஞ்சவில்லை. 1930-இல் வென்ற காரிலிருந்து எஞ்சியவை மூன்று: பெடல் தண்டு, கியர்ப்பெட்டியின் உறை, ஸ்டீயரிங் தண்டு. 1932-இல் விபத்துக்குள்ளான காரிலிருந்து சட்டகமும் எஞ்சினும் இருக்கின்றன. வென்ற காரைவிட, விழுந்த கார்தான் அதில் அதிகம் எஞ்சியிருக்கிறது.

இவ்வளவையும் எண்ணிய பிறகு அவர் உரிமையாளர் பக்கமே தீர்ப்பளித்தார். எதிர்பார்த்திராத முடிவு அது. எங்களில் பொறியாளர், அந்தப் பத்திகளை இரண்டாம் முறை உரக்கப் படிக்கச் சொன்னார்.

தீர்ப்பின் சாரத்தை எங்கள் சொற்களில் இப்படிச் சொல்லலாம். பாகங்கள் மாறாதது என்ற பொருளில் அதை அசல் என்று சொல்ல முடியாது. ஆனால் அது இறந்து மறுபடி பிறந்ததும் அன்று. முற்றாகப் பிரித்துப் போட்டுப் புதிதாகக் கட்டியதும் அன்று. ஒவ்வொரு மாற்றமும் ஓடிக்கொண்டிருந்த ஒரு காரில் நிகழ்ந்தது. புதிதாக வந்த பாகத்தை, ஏற்கெனவே இருந்த கார் தன்னுள் ஏற்றுக்கொண்டது. எந்தக் கட்டத்திலும் 'இதோ பழைய கார் முடிந்தது, புதிய கார் தொடங்கியது' என்று கோடு கிழிக்க இடமில்லை. லெ மானை இருமுறை வென்றதும் அந்த அடையாளத்தின் பகுதியே. இருக்கின்ற, அழிந்துபோன எந்தப் பென்ட்லியும் அந்தப் பெயருக்குப் போட்டியாக நிற்கவில்லை. ஆகவே அது ஓல்ட் நம்பர் ஒன்தான். அசல் என்பதும் மெய் என்பதும் வேறு வேறு என்று அந்த நீதிமன்றம் பிரித்துக் காட்டியதாக நாங்கள் புரிந்துகொண்டோம். மூலப்பொருள் மாறாதது அசல். வழி அறாதது மெய்.

*

பொறியாளர் எளிதில் விடவில்லை. தொடர்ச்சிதான் அளவுகோல் என்றால் எதையும் தொடர்ச்சி என்று சொல்லிக்கொள்ளலாமே என்றார். கிரேக்கத் தொன்மத்தில் தீசியஸின் கப்பலுக்குப் பலகை பலகையாக மாற்றிக்கொண்டே இருந்தால் அது எந்தக் கப்பல் என்ற கேள்வி பழையது. கழற்றிய பலகைகளைச் சேர்த்துவைத்து ஒருவன் இரண்டாம் கப்பல் கட்டினால் என்ன செய்வீர்கள் என்று 17-ஆம் நூற்றாண்டில் தாமஸ் ஹாப்ஸ் அதைக் கூர்மையாக்கினார். பென்ட்லி வழக்கில் அந்த இரண்டாம் கப்பல் இல்லை. அது நல்வாய்ப்பு, நியாயம் ஆகுமா?

அதற்கு விடை தேடியபோது பர்னாட்டோவின் இன்னொரு கார் எதிர்ப்பட்டது. 1930 மார்ச்சில் பர்னாட்டோ ஒரு பந்தயம் கட்டினார். தென்பிரான்சின் கான் நகரிலிருந்து 'நீல ரயில்' என்று பெயர்பெற்ற விரைவு ரயில் புறப்படும் வேளையில் தாமும் காரில் புறப்படுவதாகவும், அது வடகரையின் கலேய் நகரைச் சேருமுன் தாம் கடல் கடந்து லண்டனில் தம் மன்றத்துக்குள் நுழைவதாகவும். அவர் சில நிமிட முன்னிலையில் வென்றார். சரிந்த கூரையுடைய அழகிய பென்ட்லி கூபே ஒன்றைத்தான் அந்தக் கார் என்று பல பதிற்றாண்டுகள் உலகம் நம்பிக்கொண்டிருந்தது. டெரன்ஸ் கியூனியோ என்ற ஓவியர் ரயிலோடு அது போட்டியிட்டு ஓடுவதாக வரைந்த ஓவியம் புகழ்பெற்றது. நாள்களை ஒப்பிட்டுப் பார்த்தபோது உண்மை வெளிவந்தது. அந்தக் கூபே பர்னாட்டோ கைக்கு வந்ததே பந்தயத்துக்குச் சில வாரங்களுக்குப் பிறகு. அன்று ஓடியது அவரது வேறொரு பென்ட்லி. பார்வைக்கு எடுப்பில்லாத, பெட்டி போன்ற ஒரு சலூன்.

இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது எங்களுக்குத் தெளிவு பிறந்தது. கூபேயின் பாகங்களின் பழமையில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால் அது அந்த இரவில் அந்தச் சாலையில் இல்லை. ஓல்ட் நம்பர் ஒன்னில் பாகங்கள் பெரும்பாலும் போய்விட்டன. ஆனால் 1929-இன் லெ மானிலிருந்து இன்றுவரை, படிப்படியாகப் பின்னோக்கி நடந்தால் வழி அறுபடாமல் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அப்படி நடக்க முடிவது எதனால்? எந்த ஆண்டில் எதைக் கழற்றினார்கள், எதைப் பொருத்தினார்கள் என்பதற்குச் சான்று இருப்பதனால். மாற்றத்தை மறைத்திருந்தால் வழி அங்கேயே அறுந்திருக்கும்.

இலக்கியம் படிப்பவர்களுக்கு இது அயலான சிக்கல் அன்று. உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியையும் 1894-இல் புறநானூற்றையும் பதிப்பித்தபோது அவர் கையில் இருந்த ஏடுகளில் ஒன்றுகூட அந்நூல்கள் தோன்றிய காலத்து ஏடன்று. பனையோலை செல்லரித்துப்போகும், போகுமுன் எவரோ படியெடுப்பார், அந்தப் படியும் செல்லரிக்குமுன் இன்னொருவர். மூல ஓலை ஒன்றும் மிஞ்சாமல் நூல் மட்டும் வந்து சேர்ந்தது. ஏடுகளுக்குள் வேறுபாடு இருந்த இடங்களில் ஐயர் அவற்றை மூடி மறைக்கவில்லை. பாடபேதம் என்று குறித்துவைத்தார். வேறுபாட்டைச் சொன்னதனால்தான் அந்தப் பதிப்பின் மீது நமக்கு நம்பிக்கை வந்தது.

*

எங்கள் வீட்டு அம்பாசிடருக்கும் அப்படி ஓர் ஏடு இருந்தது. கோடு போட்ட நீள நோட்டு, பழுப்பு அட்டை. வண்டி வாங்கிய நாள் முதல் அப்பா அதில் எழுதிவந்தார். கிளட்ச் பிளேட் மாற்றம். எஞ்சின் போர் அடித்தது. பட்டறையில் நான்கு நாள். 1996-இல் பெட்ரோல் எஞ்சினை எடுத்துவிட்டு டீசல் எஞ்சின் வைத்தது; ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆர்.சி. புத்தகத்தில் புதிய எஞ்சின் எண்ணை ஏற்றியது. அதற்காக மூன்று முறை அலைந்தது. எண்களும் தொகைகளும்தான். ஓரிடத்திலும் ஓர் உணர்ச்சிச் சொல் கிடையாது.

1984-ஆம் ஆண்டுப் பக்கத்தில் ஒரு பதிவு: 'இடது முன் மட்கார்டு, பானட், இடக்கதவு, கிரில் புதிது. பழைய மாடல் கிரில் கிடைக்கவில்லை. ரேடியேட்டர் அடைப்பு. டிங்கர் கூலி தனி.' அவ்வளவுதான். சீர்காழிச் சாலையில் மாட்டுவண்டிக்காக ஒதுங்கிப் புளியமரத்தில் மோதிய இரவு அது. முன்னிருக்கையில் இருந்தவர் அம்மா. அதன்பின் அவருடைய இடக்கை முழுதாக மடங்கவில்லை; தலை பின்னிக்கொள்ள எங்களில் மூத்தவர்தான் உதவ வேண்டியிருந்தது. அப்பா அதைப் பற்றி எங்களோடு ஒருநாளும் பேசியதில்லை. நோட்டிலும் எழுதவில்லை. எழுத முடிந்ததை எழுதியிருக்கிறார்.

கோவைக்காரர் குறை சொன்ன மார்க் த்ரீ கிரில் அதுதான். அசல் கிரில் இருந்திருந்தால் வண்டிக்கு விலை கூடியிருக்கும். அந்த இரவுக்கு வண்டியில் வேறு சாட்சி இருந்திருக்காது. ப்ரூக்லண்ட்ஸின் விபத்தில் விழுந்த சட்டகத்தையும் எஞ்சினையும் நீதிபதி ஏன் அந்தக் காரின் வரலாற்றிலிருந்து ஒதுக்கிவைக்கவில்லை என்பது எங்களுக்கு அப்போதுதான் முழுதாக விளங்கிற்று. வென்றதை வைத்துக்கொண்டு விழுந்ததை நீக்கினால், எஞ்சுவது அந்தக் கார் அன்று.

மூத்தவரும் பொறியாளரும் ஒருவழியாக உடன்பட்டார்கள். இருவர் சொன்னதிலும் உண்மை இருந்தது. அது அப்பாவின் கார்தான். அதை மாறாத மார்க் டூ என்று விற்பதும் பொய்தான்.

கோவைக்காரருக்குக் கடிதம் எழுதினோம். என்னென்ன மாறியவை, எந்த ஆண்டில், எதனால் என்று நோட்டைப் பார்த்துப் பட்டியலிட்டோம். விபத்தையும் எழுதினோம். விலையை நாங்களே குறைத்துக் குறிப்பிட்டோம். இரண்டு வாரம் கழித்து அவர் நேரில் வந்தார். நோட்டைக் கேட்டு வாங்கி, திண்ணையில் அமர்ந்து முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை படித்தார். காப்பி ஆறிப்போயிற்று. "இந்த நோட்டும் சேந்தாத்தான் வண்டிங்க. இது இல்லாம வண்டி மட்டும்னா எனக்கு வேண்டாம்" என்றார்.

நாங்கள் அதை எதிர்பார்க்கவில்லை. வண்டியைக் கொடுத்துவிட்டு நோட்டை வைத்துக்கொள்வது என்றுதான் பேசி வைத்திருந்தோம். அது அப்பாவின் கையெழுத்து. ஒரு நாள் அவகாசம் கேட்டோம். அன்றிரவு மூவரும் தூங்கவில்லை. நோட்டைப் பிரித்துவிட்டால், வண்டி எங்கிருந்து வந்தது என்று இனி எவராலும் பின்னோக்கி நடந்து போக முடியாது. இத்தனை வாரம் லண்டன் தீர்ப்பைப் படித்துவிட்டு அதை நாங்களே செய்வது எப்படி?

மறுநாள் கடைத்தெருவில் நோட்டு முழுவதையும் நகலெடுத்துக்கொண்டோம். மூல ஏடு வண்டியோடு போனது. படி எங்களிடம் இருக்கிறது. கொடுப்பதற்கு முன், அப்பாவின் கடைசிப் பதிவுக்குக் கீழே ஒரு வரி விட்டு, மூத்தவர் தேதியிட்டு எழுதினார்: 'உரிமை மாற்றம். டயர் நான்கும் நல்ல நிலை. பின்பக்க இடது விளக்கு எரியவில்லை.' அதற்குக் கீழே பக்கம் வெறுமையாக இருந்தது. இனி எழுத வேண்டியவர் அவர்.